அம்மா கண்ணில் பட்ட கட்டைவிரல்

என் வலதுகால் கட்டைவிரல் மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. மற்றப் பிள்ளைகள் தம்பியோடும் பக்கத்து பெஞ்சுக்காரியோடும் சண்டை போடுகிற வயதில் நான் இந்த விரலோடு சண்டை போட்டேன். அது செய்த காரியம் அப்படி. எனக்கு எட்டு வயது முடிந்த மாம்பழ சீசனில், புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு தோப்புத் தொட்டியில், அத்தனை பேர் பார்க்க என் மானத்தை வாங்கிவிட்டது. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா மார்மன் சபையைச் சேர்ந்தவள். சித்தூரில் எங்கள் தெருவில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க முடியாது. டீ குடிக்காத சபை என்றால் உடனே புரிந்துவிடும், கூடவே ஒரு பரிதாபமும் வந்துவிடும். நைனாவின், அதாவது என் அப்பாவின், குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஊரின் பழைய மிஷன் சர்ச்சைச் சேர்ந்தது. நானும் கைக்குழந்தையாக அங்கேதான் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றேன். அதற்கப்புறம் நைனாவுக்குக் கொஞ்ச காலம் பெங்களூரில் வேலை. அங்கே பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாக இந்தச் சபைக்குப் போன அம்மா, துணை தேவைப்படாத ஞாயிறுகளிலும் போக ஆரம்பித்தாள். நாங்கள் சித்தூருக்குத் திரும்பி வந்தபோது டீத்தூள் டப்பாவில் கடுகு இருந்தது.

நைனா டீயை விடவில்லை. விடுங்கள் என்று அம்மாவும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் தெருமுனைக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு, ஏலக்காயை மென்றபடி திரும்பி வருவார். அம்மாவும் அந்த மனிதருக்கு ஏலக்காய் என்றால் உயிர் என்பதுபோல நடந்துகொள்வாள். அவர்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அம்மா கொடுப்பது ராகி மால்ட். நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, டம்ளரைக் கையில் வாங்கும்போதே முகத்தைச் சுளிப்பார். "இந்த ஊட்டுக்கு வந்தா ஆசுபத்திரியில படுத்துக்கினு இருக்கற மாதிரி கஞ்சி குடிச்சிட்டுப் போவணும்" என்பார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டும் போவார்.

அம்மாவிடம் இன்னொரு தொல்லை உண்டு. பொய் சொல்ல மாட்டாள். பெரிய பொய் சொல்லாதவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவள் சின்னப் பொய்யும் சொல்ல மாட்டாள். புத்தூரில் சித்தி கல்யாணத்துக்குப் போய் நான் பள்ளிக்கு மட்டம் போட்டபோது, லீவு லெட்டரில் கல்யாணம் என்றே எழுதினாள். ஹெட்மாஸ்டர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்த டீச்சர், "ஜ்வரம் அனி ராயண்டி அம்மா, சாலு" என்று கெஞ்சினார். காய்ச்சல் என்று எழுதினால் போதுமாம். அம்மா பேனாவை மூடிவிட்டாள். "ஜுரம் வரலையே டீச்சர். நல்லா துன்னுட்டு ஆடிக்கினு இருந்தாளே." நான் இரண்டு பீரியட் வகுப்புக்கு வெளியே நின்றேன். உண்மையின் விலையை நான் தெரிந்துகொண்டது அங்கேதான்.

ஞாயிறுகளில் அம்மாவும் நானும் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போவோம். பஸ் நிறைய மொட்டையடிக்கப் போகிற தலைகள். எல்லாரும் மலைக்கு, நாங்கள் மட்டும் அலிபிரி போகிற வழியில் ஒரு மாடிவீட்டுக்கு. அந்த வாடகை மாடிதான் சபை. சம்பளம் வாங்குகிற பாஸ்டர் கிடையாது. வாரம் முழுக்க இன்சூரன்ஸ் ஏஜென்டாக அலைகிற ஒரு பிரதர்தான் தலைவர். முறைவைத்து எல்லாரும் எழுந்து நின்று பேச வேண்டும். அம்மாவும் பேசுவாள், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கும் அவள்தான் டீச்சர். வகுப்பில் பாதி நான்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச ஞாயிறு. அன்று இரண்டு வேளை சாப்பாட்டை விட்டு, அந்தச் செலவை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அம்மா தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது குரல் நூலாக இளைத்திருக்கும், ஆனாலும் பாட்டை விடமாட்டாள்.

அந்தச் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. எட்டு வயதில்தான் பிள்ளைக்கு நன்மை எது தீமை எது என்று தெரியும், அப்போதுதான் கொடுக்க வேண்டும் என்பார்கள். நெற்றியில் தெளிக்கிற வேலையும் கிடையாது, முழுக்கு. தலைமுடியோ உடுப்பின் ஓரமோ விரல்நுனியோ தண்ணீருக்கு மேலே தெரிந்துவிட்டால் செல்லாது, மறுபடி ஜெபம் சொல்லி மறுபடி முழுக வேண்டும். அதைக் கவனிப்பதற்கென்றே இரண்டு சாட்சிகள் நிற்பார்கள்.

செய்தி தெரிந்த அன்று பெரியப்பா ராகி மால்ட்டைத் தொடவே இல்லை. "ஒரு தடவை குடுத்த ஞானஸ்நானம் செல்லாதாமா? நான் கையில ஏந்திக்கினு போய்க் குடுத்தது தண்ணி இல்லாம வேற இன்னா?" என்று கூடத்தில் நின்று கேட்டார். அவர் நைனாவின் பக்கம் திரும்பினார். "அவ இஷ்டம் அவ செய்யட்டும். நீ அங்கப் போயி நின்னியானா, அதுக்கப்புறம் என் வாசப்படி மிதிக்காத." நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, நைனாவை வளர்த்துப் படிக்கவைத்து ஆளாக்கியவர் பெரியப்பா. அவர் முன்னால் நைனா நாற்காலியில்கூடச் சாய்ந்து உட்கார மாட்டார்.

பெரியப்பா போன பிறகு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க சபைக்கு வர வேணாம், ஜெபம் பண்ண வேணாம். பொண்ணு தண்ணியில எறங்கறப்ப நீங்க அங்க இருக்கணும். அவ்ளோதான்."

"சீசன்ல லீவு எங்க குடுக்கறான்" என்றார் நைனா. மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் பாய்லர் பக்கம் அவருக்கு வேலை. கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்குகிற மாதங்கள் அவை. அப்புறம், "பார்க்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

எனக்கு அழுகையாக வந்தது. முழுக்கு என்றால் எனக்குப் பயமில்லை. கிணற்றில் என்னை முங்கவும் நீந்தவும் பழக்கியதே நைனாதான். அவர் பார்க்காமல் நான் தண்ணீரில் முங்கி என்ன பிரயோசனம்? அம்மாவிடம் கேட்டேன், நைனா வருவாரா என்று. பாப்ளின் துணியில் எனக்கு வெள்ளை உடுப்பு தைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், "நீயும் கேளு பாப்பா. நானும் கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்றாள்.

திருப்பதி மாடிவீட்டில் முழுக்குக்கு ஏது தண்ணீர். குடிக்கவே லாரி வர வேண்டும். புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருந்த சபைக் குடும்பம் ஒன்று, போர் தண்ணீர் விழுகிற சிமெண்டுத் தொட்டியைக் கொடுத்தது. அம்மா முந்தின நாளே போய்ப் பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். தவளைகளையும் வெளியேற்றியதாகச் சொன்னாள். சனிக்கிழமை காலையில் மூணு ஃபேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினார்கள். நைனா எப்போதும்போல விடிகாலையில் காக்கி யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வண்டியில் ஃபாக்டரிக்குக் கிளம்பிப் போயிருந்தார். என் கன்னத்தைக்கூடத் தட்டவில்லை.

சபையார் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சாட்சிகள் இரண்டு எல்டர்கள். எல்டர் என்றால் மூப்பர். இவர்கள் முகப்பரு வாடாத பையன்கள், வெள்ளைச் சட்டையும் டையும் மார்பில் பெயர் அட்டையுமாக ராஜமந்திரிப் பக்கத்திலிருந்து ஊழியத்துக்கு வந்தவர்கள். தொட்டிக்குள் இன்சூரன்ஸ் பிரதர் வெள்ளை வேட்டி சட்டையில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். போர் தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருந்தது. நான் இறங்கினேன். கழுத்துவரை தண்ணீர், அதற்கு மேல் தொட்டிச் சுவர், அதற்கு மேல் ஆகாயம். வேறொன்றும் தெரியவில்லை. அம்மா சுவரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மோட்டார் ரூமைப் பார்த்த மாதிரி அவள் உட்கார்ந்திருந்ததில் எனக்கு வருத்தம். இன்றைக்காவது என்னைப் பார்த்து உட்காரலாம் இல்லையா?

பிரதர் வலதுகையை உயர்த்தி, என் முழுப்பெயரைச் சொல்லி ஜெபித்து, என்னை மல்லாக்கச் சாய்த்து முக்கினார். அம்மா வளருகிற பிள்ளை என்று தாராளமாகத் தைத்திருந்த உடுப்பு, காற்றைப் பிடித்துக்கொண்டு இட்லி மாதிரி உப்பி மேலே வந்தது. எல்லாரும் பார்த்தார்கள். ஒரு எல்டர் சிரிப்பை அடக்க இருமினார். செல்லாது.

அம்மா சுவரில் இருந்தபடியே என்னை மேலே தூக்கி, உடுப்பைப் பிழிந்து காற்றை விரட்டி, இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டினாள். மறுபடி ஜெபம், மறுபடி முழுக்கு. இந்தத் தடவை நன்றாகவே முங்கினேன். மூக்கில் தண்ணீர் ஏற, பெருமையோடு எழுந்து நின்றேன். எல்டர்கள் இருவரும் தலையை ஆட்டினார்கள்.

"கால் கட்டைவிரல் மேல வந்துச்சு பிரதர்" என்றாள் அம்மா.

"நாகு கனபடலேது சிஸ்டர்" என்றார் ஒரு எல்டர், தனக்குத் தெரியவில்லையே என்று. மற்றவரும் அதையே சொன்னார்.

"எனக்குக் கனபட்டுச்சு" என்றாள் அம்மா.

லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதாதவள் என்று திருப்பதிவரை பெயர் எடுத்தவள் சொன்னால் அதை யார் மறுப்பது? பிரதர் பெருமூச்சு விட்டுக் கையை உயர்த்தினார். நான் விரலைத் தொட்டியின் அடிச்சிமெண்டில் அழுத்தி ஊன்றிக்கொண்டேன். முங்கினேன், எழுந்தேன்.

"மறுபடியும் அதே விரல்."

எனக்கு அழுகை பீறிட்டது. தண்ணீரில் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல். அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலாக மோட்டார் ரூமையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அடுப்பைப் பார்த்து நின்றபடியே, பின்னால் நான் சர்க்கரை டப்பாவைத் திறப்பதைக் கண்டுபிடிக்கிறவள்தானே. அவளுக்கு ஒரு விரலைப் பார்க்கத் திரும்ப வேண்டிய அவசியமில்லை.

"வந்துக்கினே இருக்கு பிரதர்" என்றாள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் அல்ல, தோப்பு முழுக்கக் கேட்கிற குரலில். "பொழுது சாஞ்சாலும் பரவால்ல. சரியா ஆவற வரைக்கும் முக்குங்க."

பிரதரின் பல் தந்தியடித்தது. எல்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது மோட்டார் ரூம் பக்கத்திலிருந்து சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது. சுவருக்கு மேலே நைனாவின் தலை வந்தது, அப்புறம் காக்கிச் சட்டை. கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போதும் வுடு" என்றார். யாரிடம் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. வந்த வேகத்தில் என் கால் பக்கமாகத் தொட்டி ஓரத்தில் குந்தினார். "பாப்பா, கட்டையாட்டம் சாயாத. முட்டியை மடக்கு. கெணத்துல நான் சொல்லிக் குடுத்தேனே, அந்த மாதிரி குந்திக்கினு முங்கு. நான் பாத்துக்கினு இருக்கேன்."

நான் முட்டியை மடக்கினேன். இதுவரை முங்கியதெல்லாம் முங்கலே இல்லை என்பதுபோல ஆழமாக முங்கி எழுந்தேன். எல்டர்கள் இந்தத் தடவை தண்ணீரைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். கன்னம் முழுக்க ஈரம். அவள் தண்ணீரில் இறங்கவே இல்லை.

நைனா என்னைத் தூக்கித் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டார். சீசனில் அவர் மேல் எப்போதும் வெந்த மாம்பழ வாசனை அடிக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. அன்று அந்த வாசனை இல்லை. ஏலக்காய் வாசனைதான் இருந்தது. எனக்கு அது நினைவில் தங்கியதே தவிர, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. ஷிஃப்ட் முடித்து ஓடி வந்திருக்கிறார், ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்று சந்தோஷமாக இருந்தேன். விரல் தாமதப்படுத்தியதால்தான் அவரால் வந்து சேர முடிந்தது என்று விரலுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. மானம் போனதுதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. அது மாதத்தின் முதல் ஞாயிறு அல்ல, உபவாசத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் அம்மா சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. எனக்கு மட்டும் உப்புமா கிளறித் தட்டில் வைத்துவிட்டு, உள்ளே போய் வெகுநேரம் முழங்காலில் நின்றாள். ஏதோ விசேஷம்போல நைனாவும் அன்று டீக்கடைக்குப் போகவில்லை. கடை திறந்திருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்துச் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார். நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்புகிறவரை சும்மா அம்மா இருந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். என் விரல் செய்த பாவத்துக்குத்தான் இரண்டு பேரும் பட்டினி கிடக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து விரலில் ஒரு கறுப்பு நூலைக் கட்டி அடக்கிவைத்தேன். பள்ளியில் ஏன் என்று கேட்டவர்களுக்குச் சுளுக்கு என்று சொல்லலாம் என்றால் அது பொய்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெரியப்பா வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. நைனா அன்று முழுக்க வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பெரியப்பாவே தூக்குச்சட்டியோடு வந்தார். "இன்னா, கஞ்சி கிஞ்சி கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். அம்மா அடுப்படிக்கு ஓடினாள்.

இப்போது அம்மா பாட்டியாகிவிட்டாள். நான் பெங்களூரில் இருக்கிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் தவறாமல் சித்தூரிலிருந்து வீடியோ கால் வரும். என் மகளுக்குப் பாட்டு, வேதக் கதை, பிறகு அன்று பள்ளியில் யாரோடு சண்டை என்ற விசாரணை. பாட்டி கேட்டால் பேத்தியும் பொய் சொல்வதில்லை. சொன்னாலும் பிடிபட்டுவிடுகிறாள். திருப்பதி மாடியில் அம்மா இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள், இப்போது வகுப்பில் பாய் போதவில்லையாம். நைனா இன்னும் சபையில் சேரவில்லை. இன்னும் ஏலக்காய் மெல்கிறார்.

இந்த வருஷம் மகளுக்கு எட்டு முடிந்தது. இங்கே சபையில் ஓடு பதித்த தொட்டி, வெந்நீர்க் குழாய், எல்லா வசதியும் உண்டு. சித்தூரிலிருந்து இருவரும் வந்தார்கள். நைனா காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "முட்டியை மடக்கிக்கோ. இல்லன்னா கட்டைவிரல் மேல வந்துடும். நம்ம குடும்பத்து விரல் அப்படி."

நைனா சிரித்துவிட்டார். "உன் வெரலு எங்க மேல வந்துச்சு?"

"வந்துதே நைனா. அம்மா பார்த்தாங்களே."

"சட்டை மேல வந்தது நெசம். வெரலு வரவே இல்ல. நான் லீவு போட்டுட்டு உங்களுக்கு முன்னாடியே வந்து மோட்டார் ரூம் சந்துல நின்னுக்கினு இருந்தேன். பாத்துட்டு அப்படியே போயிடலாம், அண்ணன் பேச்சும் போவாது, உன்னையும் பாத்த மாதிரி இருக்கும்னு. வண்டிய மரத்துக்குப் பின்னாடி மறைச்சு வெச்சேன். உங்கம்மாவுக்குத் தெரியாம எதை மறைக்கறது? என்னைப் பாத்துக்கினே சொல்றா, வெரலு வந்துச்சுன்னு. மறுபடியும் என்னைப் பாத்துக்கினே சொல்றா. வெளிய வரலன்னா உன்னை ராத்திரி வரைக்கும் முக்கியிருப்பா."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் பேத்தியின் இடுப்பு நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது. "பேச்சு போதும். தண்ணி நெறைஞ்சுடுச்சா பாருங்க" என்றாள்.

மகள் முட்டியை மடக்கி ஒரே தடவையில் முங்கி எழுந்தாள். சாட்சியாக நின்றது அம்மா. இப்போது பெண்களும் நிற்கலாம். அவள் தண்ணீரை மட்டும் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள். முதல் வரிசையில் நைனா எழுந்து நின்று கை தட்டினார். அங்கே யாரும் கை தட்டுவதில்லை.

நான் அந்த உப்புமாத் தட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தண்ணீரும் குடிக்காமல் முழங்காலில் நிற்கிற அம்மா. வெளியே, தன் பொருட்டு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொன்னவளுக்குத் துணையாக டீ குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற நைனா. எட்டு வயதில் பிள்ளைக்கு நன்மை தீமை தெரிந்துவிடும் என்பார்கள். எனக்கு எட்டு வயது முடிந்து, ஞானஸ்நானமும் ஆகியிருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, எல்லாத் தப்பும் என் கட்டைவிரலுடையது என்று அதைத் திட்டிக்கொண்டே உப்புமாவைத் தின்றேன்.